நெடுந்தூரம் ஓடும் பெண்பிள்ளைகளின் எலும்பைக் காப்பது எப்படி

தருமபுரிப் பக்கம் ஓடுகிற பெண்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகிறார்கள். பள்ளி மாணவிகள் 1,500 மீட்டருக்கும் 3,000 மீட்டருக்கும் பயிற்சி எடுக்கிறார்கள். போலீஸ் வேலைக்கும் மத்தியப் படைகளுக்கும் தயாராகும் பெண்கள் கையில் கடிகாரத்தோடு மைதானத்தைச் சுற்றுகிறார்கள். பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள்கூட மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் எனக்கு இதைவிட நிறைவான காட்சி கிடையாது. அந்த ஓட்டம் நிற்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இவர்களில் சிலருக்கு மாதக்கணக்கில் மாதவிலக்கு வருவதில்லை. அவர்களிலேயே சிலர் பின்னர் கீழ்க்கால் எலும்பில் விரிசலோடு வந்து நிற்கிறார்கள். இரண்டும் தனித்தனிச் சங்கதி என்றுதான் வீட்டில் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்று.

"பெண் ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வதை இன்றும் கேட்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் மட்டுமா சொன்னார்கள்? 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடி முடித்துக் களைத்துப் படுத்ததைப் பார்த்துப் பதறிய நிர்வாகிகள், 1960 வரை அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1984-இல்தான். அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. மாதவிலக்கை நிறுத்துவது ஓட்டமல்ல, ஓடியதற்கு ஈடாகச் சாப்பிடாமல் இருப்பது. ஆன் லௌக்ஸ் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் 1998-இல் இதைத் தெளிவாகக் காட்டினார். பெண்களைக் கடுமையாக உடற்பயிற்சி செய்யவைத்து, செலவான ஆற்றலை உணவால் ஈடுகட்டியபோது அவர்களுடைய ஹார்மோன் சீர் குலையவில்லை. ஈடுகட்டாதபோது குலைந்தது. 2003-இல் வந்த அவருடைய அடுத்த ஆய்வில், உணவுப் பற்றாக்குறை ஓர் அளவைத் தாண்டினால் ஐந்தே நாளில் அந்தக் குலைவு தொடங்கிவிடுவது தெரிந்தது.

உடலுக்குள் நடப்பது இதுதான். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஹார்மோன் துடிப்பு ஒன்றை அனுப்புகிறது. அதைக் கேட்டுத்தான் பிட்யூட்டரி சுரப்பியும், அதன் சொல்லைக் கேட்டுச் சினைப்பையும் வேலை செய்கின்றன. சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கிறது. கூலி குறைந்த மாதத்தில் வீட்டில் அரிசி வாங்குவதை நிறுத்தமாட்டோம், கூரை ஓடு மாற்றும் வேலையைத் தள்ளிப்போடுவோம் அல்லவா? உடலும் அப்படித்தான் செய்கிறது. இதயத்துக்கும் மூளைக்கும் ஓடும் கால்களுக்கும் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, கருத்தரிப்புக்கும் எலும்புக்கும் கொடுப்பதைத் தள்ளிப்போடுகிறது. துடிப்பு மந்தமாகிறது, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது.

எலும்பு கல் அல்ல. பழையதை அரிக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் அதில் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. அரிக்கும் செல்களை அடக்கிவைப்பது ஈஸ்ட்ரோஜன். அது குறைந்தால் அரிப்பு மிஞ்சிவிடுகிறது. அரைப்பட்டினி உடலில் எலும்பைக் கட்டச் சொல்லும் வளர்ச்சிக் காரணிகளும் குறைகின்றன. பார்பரா டிரிங்க்வாட்டர் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் 1984-இல் மாதவிலக்கு நின்றுபோன வீராங்கனைகளின் முதுகெலும்பை அளந்து பார்த்தார். அவர்களின் சராசரி வயது 25. எலும்பின் அடர்த்தியோ 51 வயதுப் பெண்ணுடையதாக இருந்தது. ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதற்குமான எலும்புச் சேமிப்பில் பெரும்பகுதி பதினெட்டு, இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் இழக்கும் மாதங்களை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

நாட்காட்டியில் ஒரு குறி

செய்ய வேண்டிய முதல் வேலைக்குச் செலவே இல்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியில் மாதவிலக்கு தொடங்கும் நாளன்று ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் ஓடிய தூரத்தையும் அந்தந்தத் தேதியிலேயே எழுதட்டும். இரண்டும் ஒரே தாளில் இருந்தால், தூரம் கூடிய மாதத்தில் புள்ளி தள்ளிப்போவது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வளர்ந்த பெண்ணுக்கு 21 முதல் 35 நாளுக்குள் வருவது இயல்பு. வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் 45 நாள் வரை போகலாம். தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டாலோ, 15 வயது முடிந்தும் வயதுக்கு வராவிட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். "ஓடுகிற பிள்ளைதானே, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. ஒரு மாணவியின் தாயிடம் இதைப் பேசியபோது அவர், "தொல்லை இல்லாமல் இருப்பது நல்லதுதானே டீச்சர்? போட்டி நாளில் வந்தால் பிள்ளைக்குத்தானே கஷ்டம்" என்றார். "இல்லை அக்கா, அது நின்றால் எலும்பு கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்" என்று சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. பயிற்சியாளர் ஆணாக இருந்தால் இதை நேரடியாகக் கேட்க வேண்டாம். பெண் ஆசிரியை ஒருவரோ தாயோ அந்தத் தாளைப் பார்த்துக்கொள்ளட்டும். மைதானத்தில் பலர் நடுவில் கேட்கும் கேள்வி அல்ல இது.

உடல் எடையை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். ஆற்றல் போதாத உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்வதால் எடை இறங்காமலேயே மாதவிலக்கு நின்றுபோகலாம். வெயில் நாளிலும் கை சில்லிட்டிருப்பது, சளி பிடித்தால் விடாமல் இழுப்பது, காரணமில்லாத எரிச்சல், மலச்சிக்கல், எவ்வளவு ஓடினாலும் நேரம் முன்னேறாமல் நிற்பது ஆகியவையும் அறிகுறிகள்தான்.

தட்டில் எவ்வளவு?

இந்தப் பகுதியைத்தான் பொறுமையாகப் படிக்கச் சொல்வேன்.

கணக்கு ஒன்று போடுவோம். 46 கிலோ எடையுள்ள பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பை நீக்கினால் அவள் உடல் ஏறக்குறைய 37 கிலோ. ஓட்டத்துக்கான செலவு போக, அந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 45 கலோரி மிஞ்சினால் உடல் எல்லா வேலைகளையும் ஒழுங்காகச் செய்யும். 30-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. 37-ஐ 45-ஆல் பெருக்கினால் 1,665. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி என்பது ஓட்டத்தின் செலவு. அப்படியானால் எட்டு கிலோமீட்டருக்கு 370 கலோரி. மொத்தம் 2,000 கலோரிக்கு மேல் வேண்டும். வளரும் வயது என்றால் இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

இப்போது அவள் காலை எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் ஓட்டம். வீட்டுக்குப் போய்க் குளித்து, டவுன் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு டம்ளர் டீயும் இரண்டு இட்லியும். அது 200 கலோரிகூடத் தேறாது. ஓட்டத்தில் செலவானதையே அது ஈடுகட்டவில்லை. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது, முட்டையோடு வரும் சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. பயிற்சி கடுமையாகும் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் இரண்டும் இல்லை. மதியத்துக்கு டிபன் பாக்ஸில் கொஞ்சம் சோறு, ராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியது. ஆடி மாதமானால் செவ்வாயும் வெள்ளியும் விரதம் வேறு. யாரும் அவளைப் பட்டினி போடவில்லை. ஆனால் நாளின் பெரும்பகுதியை உடல் பற்றாக்குறையிலேயே கழிக்கிறது. ராத்திரி ஒரே வேளையாக நிறையச் சாப்பிட்டாலும் அது முழுதாகச் சரியாவதில்லை. அதனால் எவ்வளவு என்பதோடு எப்போது என்பதையும் பாருங்கள்.

நான் பெண்களிடம் சொல்வது இதுதான். ஓடும் முன்பு ஒரு வாழைப்பழம், அல்லது இரண்டு பேரீச்சம்பழம். ஓடி முடித்து அரை மணி, முக்கால் மணிக்குள் ஏதாவது உள்ளே போக வேண்டும். வேகவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடியும் ஒரு வெல்லக்கட்டியும் போதும், பையிலேயே வைத்துக்கொள்ளலாம். பிறகு முழுச் சாப்பாடு. பள்ளி இடைவேளையில் எள்ளுருண்டையோ கடலை மிட்டாயோ. இவை நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரியைக் கூட்டிவிடும். மாதவிலக்கு தள்ளிப்போகத் தொடங்கிய பெண்ணுக்குப் பெரும்பாலும் தேவைப்படும் கூடுதல் அவ்வளவுதான். விரதம் இருந்தே ஆக வேண்டும் என்றால் அன்று ஓட்டம் வேண்டாம். அம்மனுக்கு அதில் கோபம் வராது.

சுண்ணாம்புச் சத்துக்கு, அதாவது கால்சியத்துக்கு, நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. நாள் தேவையோ 1,000 மில்லிகிராமுக்குக் குறையாது. ஒரு பெரிய களி உருண்டையும், அதோடு கீரைக் கடைசலும், ஒரு டம்ளர் பாலும், ஒரு கிண்ணம் தயிரும் இருந்தால் அந்தக் கணக்கில் பெரும்பகுதி தீர்ந்தது. மிச்சத்தை எள்ளும் முருங்கைக்கீரையும் ஒகேனக்கலில் கிடைக்கும் முள்ளோடு மெல்லும் சின்ன மீனும் தரும். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் சத்து இன்னும் எளிதாக உடலில் சேரும். களி கிண்டும் பாட்டி இருக்கும் வீட்டில் பிள்ளைகள் நூடுல்ஸ் கேட்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஒன்று. மொத்தச் சாப்பாடு போதாத உடலுக்குக் கால்சியம் மாத்திரை மட்டும் கொடுத்து எலும்பைக் காப்பாற்ற முடியாது. முதலில் வயிறு நிறைய வேண்டும்.

இரும்புச் சத்தையும் மறக்க வேண்டாம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போகிற பிள்ளைகள் உண்டு. சாப்பிட்ட பிறகு, என் கண்முன்னால் விழுங்கச் சொல்வேன். அதோடு டீ குடிக்கக் கூடாது, டீ இரும்பைச் சேரவிடாது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதைச் சரிசெய்யாமல் தூரத்தைக் கூட்டுவது வீண்.

வைட்டமின் டி விஷயத்தில் ஓடுகிற பெண்களுக்கே ஓர் ஏமாற்றம் இருக்கிறது. வெளியில்தானே ஓடுகிறேன் என்று நினைப்பார்கள். விடியும் முன் ஓடி, பகல் முழுவதும் வகுப்பறையில் உட்கார்ந்தால் தோலுக்கு அந்தச் சத்தை உண்டாக்கும் வெயில் கிடைப்பதில்லை. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் அதற்கு உதவும். வாரத்தில் சில நாள் மதிய இடைவேளையில் கையும் முகமும் படக் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

"ஒல்லியாக இருந்தால்தான் வேகம்" என்று சொல்லும் பயிற்சியாளர் யாராக இருந்தாலும் அவரிடம் பிள்ளையை விடாதீர்கள். அமெரிக்காவின் மேரி கெய்ன் 17 வயதில், 2013 உலகத் தடகளப் போட்டியில் 1,500 மீட்டர் இறுதிச் சுற்றுவரை ஓடியவர். எடையைக் குறை, இன்னும் குறை என்று வற்புறுத்தப்பட்டதில் மூன்று ஆண்டுகள் மாதவிலக்கு வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று 2019-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு வசதியும் திறமையும் இருந்த பெண்ணுக்கே அந்த நிலை.

குடிக்கும் தண்ணீர்

வேறு ஊர்க்காரர்கள் எழுதும் ஓட்டக் குறிப்புகளில் இது இருக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு சிரிக்கும் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்ததற்கே இதுதான் முக்கியக் காரணம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு.

நெடுந்தூரம் ஓடுபவர் மற்றவர்களைவிட அதிகம் தண்ணீர் குடிப்பார். தண்ணீர் கெட்டதாக இருந்தால் உள்ளே போகும் புளோரைடும் அதிகம்தான். அது எலும்பில் படிந்து, பார்வைக்கு அடர்த்தியாகவும் உள்ளுக்குள் உடையக்கூடியதாகவும் ஆக்குகிறது. எனவே ஓட்டத்துக்குப் போகும் பாட்டிலில் ஒகேனக்கல் தண்ணீரை நிரப்புங்கள், ஆழ்துளைக் கிணற்றில் பிடித்தது வேண்டாம். காய்ச்சினால் புளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். உணவில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் குடலில் புளோரைடு சேர்வது குறையும். கேழ்வரகுக்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது.

நொண்டியும் பாண்டியும்

ஓட்டம் எலும்புக்கு நல்லது என்பது பாதி உண்மை. ஒரே திசையில், ஒரே மாதிரி ஆயிரக்கணக்கான அடிகள் விழும்போது எலும்புச் செல்கள் சீக்கிரமே அதற்குப் பழகி மரத்துப்போகின்றன. சில டஜன் அடிகளுக்குப் பிறகு புதிதாகக் கட்டும் உத்தரவு வருவதில்லை. திடீர், பலதிசை, இடைவெளி விட்ட அதிர்ச்சிதான் எலும்பை வளர்க்கும். அதற்கு நம் பிள்ளைகள் விளையாடிய நொண்டியும் பாண்டியும் கயிறு தாண்டுவதும் அருமையான பயிற்சி. ஓட்டம் தொடங்கும் முன் இருபது குதிப்பு: முன்னால், பின்னால், பக்கவாட்டில், ஒவ்வொன்றுக்கும் நடுவே சில வினாடி இடைவெளி. வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி; மணல் நிரப்பிய பையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தாலே போதும்.

தூரத்தைக் கூட்டும்போது பொறுமை வேண்டும். புதுச் சுமை விழுந்ததும் எலும்பு முதலில் பழையதை அரித்து இடம் உண்டாக்குகிறது, அதற்குச் சில வாரங்கள் ஆகும். புதியதைக் கட்டி முடிக்க மூன்று மாதம் ஆகும். நடுவில் அது முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். போலீஸ் தேர்வுத் தேதி அறிவித்தவுடன் இரண்டு கிலோமீட்டரிலிருந்து பத்துக்குத் தாவும் பெண்களுக்கு ஒரு மாதம் கழித்துக் கால் வலிப்பது இதனால்தான். நான்கு வாரத்தில் ஒரு வாரம் தூரத்தைக் குறைத்து ஓடுங்கள். வத்தல்மலைச் சாலை இறக்கத்தில் வேகமாக ஓடுவதை எலும்பு பழகும்வரை தள்ளிப்போடுங்கள்.

கால் வலித்தால்

கீழ்க்காலின் உட்புற எலும்பு ஓரத்தைப் பெருவிரலால் மேலிருந்து கீழாக, அங்குலம் அங்குலமாக அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் சுமை கூடியதால் வந்த வலி, ஓய்வில் தணியும். விரல் நுனி அளவே உள்ள ஓரிடத்தில் மட்டும் "ஐயோ" என்று காலை இழுத்துக்கொண்டால் விரிசல் என்று சந்தேகிக்க வேண்டும். இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் சந்தேகம் வலுக்கிறது. எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் கட்டுப் போடுவதும் அப்போது கூடாது. முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, ஓடு" என்று சொல்வதில் உள்ள ஆபத்து அதுதான். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்துவிடும். தொடை இடுக்கில் வலி, காலை ஊன்றினால் கூடுகிறது என்றால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்தி, காலை ஊன்றாமல் எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தொடை எலும்பின் கழுத்தில் விழும் விரிசல் முழு முறிவானால் அறுவை சிகிச்சைதான்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

நாட்காட்டித் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். எவ்வளவு ஓடுகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்பதையும் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். தைராய்டு, புரோலாக்டின் என்ற பால் சுரக்கவைக்கும் ஹார்மோன், கர்ப்பம் ஆகியவற்றை முதலில் பரிசோதித்து விலக்குவார்கள். ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்குமிழிகள் தெரிந்தால் உடனே பி.சி.ஓ.டி. என்ற சினைப்பைக் கோளாறு என்று எழுதி எடையைக் குறைக்கச் சொல்வது உண்டு. சாப்பாடு போதாமல் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் ஸ்கேனில் அப்படித் தெரியலாம். அவளை இன்னும் பட்டினி போட்டால் நிலைமை மோசமாகும். ஆகவே, "ஓடுவதாலும் சாப்பாடு குறைந்ததாலும் நின்றிருக்குமா?" என்று நேராகக் கேளுங்கள்.

கருத்தடை மாத்திரை கொடுத்து மாதாமாதம் ரத்தப்போக்கை வரவழைப்பது தீர்வாகாது. உடல் தானாகச் சீரடைந்ததா என்பதை அது மறைத்துவிடும், எலும்பையும் காக்காது. இந்தக் காரணத்துக்காக மட்டும் அந்த மாத்திரையைத் தர வேண்டாம் என்பதே அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல். உணவைக் கூட்டி, ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்தும் சில மாதங்களில் திரும்பாவிட்டால் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜனைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்தாலோ ஏற்கெனவே விரிசல் விழுந்திருந்தாலோ எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுப்பது நல்லது. அதில் அதே வயதுப் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டுக் காட்டும் இசட் ஸ்கோர் மைனஸ் 1-க்குக் கீழே இருந்தால் ஓடும் பெண்ணைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டிய அளவு. எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றியும் அப்போது சொல்லிவிடுங்கள். புளோரைடு படிந்த எலும்பு அந்த ஸ்கேனில் உண்மையைவிட நல்லதாகத் தெரியும்.

மாதவிலக்கு சில மாதங்களில் திரும்பிவிடும், எலும்பு ஈடாக ஆண்டுகள் ஆகும். விரிசல் ஆறிய பிறகு, வலியில்லாமல் அரை மணி நேரம் வேகமாக நடக்க முடிகிற நாளில் தொடங்குங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலி வந்தால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். அந்தக் காலத்திலும் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது, எலும்பு கட்டுவதற்கும் ஆற்றல் வேண்டும்.

நாற்பதைத் தாண்டிய அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. மாதவிலக்கு நிற்கும் வயதை ஒட்டிய சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் குறையும். அதற்காக ஓட்டத்தை விட வேண்டாம், ஆனால் எடை தூக்கும் பயிற்சியைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். 42 வயதில் மூன்று மாதம் வராவிட்டால் "நின்றுவிட்டது" என்று நீங்களே முடிவு கட்டாமல், சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் எஃப்.எஸ்.எச். பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த அளவு உயர்ந்திருந்தால் வயதின் காரணமாக இருக்கலாம், குறைவாக இருந்தால் உங்கள் தட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும்.